மீன் வாங்காத வீடு

தேடுகிற ஆள் ஒரு பூஞ்சணம் என்று தெரிந்ததிலிருந்து ஷிஹாமின் வாய் சும்மா கிடக்கவில்லை. வட்டகொடை ஸ்டேஷனைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறுகிற பாதையில் ஆட்டோ முக்கி முனகியது. அவன் பேச்சு மட்டும் இறக்கத்தில் போகிற மாதிரி ஓடியது.

"நகைக் கள்ளனப் புடிச்சோம். ஓடிப்போன மாப்பிள்ளையப் புடிச்சோம். இப்ப பூசணம். எந்தக் கையில வெலங்கு போடுறதுன்னு மட்டும் சொல்லிருங்கக்கா."

பின் சீட்டில் இருந்த சுதர்ஷினி சிரிக்கவில்லை. அவள் ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் தோண்டியெடுக்கிற வேலை பார்த்தவள். இப்போது ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், பாண் வாசனைக்கு நடுவே, சொந்தமாகத் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அந்த நிலையத்தின் மற்ற எல்லா உத்தியோகமும் ஷிஹாமுக்குத்தான். ஆட்டோ ஓட்டுவதும் அவன், தேத்தண்ணி வாங்கி வருவதும் அவன், கேட்காத நேரத்தில் கருத்துச் சொல்வதும் அவன்.

சிரிக்கிற விஷயமாகவும் அது இல்லை. கல்லுமலைத் தோட்டத்து வீரய்யாவின் மகள் சுலக்ஷனா, பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர். அவளுக்கு எலும்புக்குள்ளே ரத்தம் ஊறுவது நின்று போகிற வியாதி. தம்பியின் எலும்பு மஜ்ஜை பொருந்திவிட்டது, அதை ஏற்றிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று கொழும்பில் நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் காய்ச்சலும் இருமலும் வந்தன. படம் எடுத்துப் பார்த்தால், நெஞ்சுக்குள் பூஞ்சணம்.

பாணில் பூஞ்சணம் பிடித்தால் நீங்களும் நானும் அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைத் தின்போம். நம் ரத்தத்தில் காவல் நிற்கிற வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. மூக்கு வழியாக உள்ளே போகிற தூசியை அவை அப்படியே மடக்கிப் போட்டுவிடும். அந்தப் பிள்ளையின் உடம்பில் காவல்காரரே இல்லை. வந்த தூசி நெஞ்சுக்குள் உட்கார்ந்து வேர் விட்டுவிட்டது.

டொக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மருந்தில் இப்போது குறைந்து வருகிறது. மலைநாட்டில் எங்கே போனாலும் கொஞ்சம் பூஞ்சணம் இருக்கத்தான் செய்யும், ஆனால் இவ்வளவு உள்ளே போயிருந்தால் எங்கேயோ பக்கத்தில் குவியலாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை வீட்டுக்கு விட வேண்டும், வார்டில் அதற்கு மேல் கட்டில் இல்லை. அதே காற்றை மறுபடியும் குடித்தால் நெஞ்சு மறுபடியும் கெடும். அதற்குப் பிறகு மஜ்ஜை ஏற்ற முடியாது. வீரய்யாவுக்குப் பிள்ளையைக் கொண்டுபோய் வைக்க வேறு வீடும் இல்லை. சுகாதாரப் பரிசோதகர் வந்து நாலு சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டு, வீடு நல்லாத்தானே இருக்கு என்று போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த மனுசன் பேக்கரி மாடிப்படியேறி வந்தார்.

வீடு உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. வரிசை வீடுகளான ஆறாம் லயத்தில் கடைசிக்கு முதல் காம்பிரா. புதுப் பெயின்ட், புது மெத்தை. விறகெல்லாம் வெளியே, பூச்சட்டி ஒன்றுகூட இல்லை. தலையணை உறையைக்கூட வீரய்யா அவித்துத் துவைத்திருந்தார். சுதர்ஷினி கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள், அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினாள். விரலில் பவுடர் வாசம்தான் வந்தது. என் கல்யாணத்துக்குக்கூட எங்க வீட்ட இப்படிக் கழுவலையே என்று ஷிஹாம் முணுமுணுத்தான்.

"கள்ளன் வந்தா வீட்டுல ஏதாவது கொறஞ்சிருக்கும்," என்றாள் சுதர்ஷினி, தூசியே இல்லாத கையைத் தட்டிக்கொண்டு. "இந்தக் கள்ளன் வந்திருந்தா ஏதாவது கூடியிருக்கணும். புதுசா ஏதோ வந்திருக்கு. அது என்னான்னுதான் தெரியல."

புதிதாக என்ன வந்தது என்று வீரய்யாவைக் கேட்டார்கள். பெயின்டும் மெத்தையும்தான், அதுவும் காய்ச்சல் வந்த பிறகு என்றார். கதை அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் பைஸர் வந்து நின்றார். அவர் ஷிஹாமுக்குத் தெரிந்தவர், தலவாக்கலையில் ஒரே தெரு. லயத்துப் பெண்கள் தட்டோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். பைஸர் தராசைத் தூக்கிக்கொண்டே கடைசிக் காம்பிராவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"என்ன பைஸர் நானா, அந்த வீட்டுல யாரும் மண்டையப் போட்டுட்டாங்களா?" என்றான் ஷிஹாம்.

அதைவிட மோசம் என்றார் பைஸர். அங்கே இருக்கிற நாகலெட்சுமி அக்கா இந்த லயத்திலேயே முதல் கிராக்கி. பாரை மீன் வந்தால் தலையை வேறு யாரும் தொட விடமாட்டார். வீரய்யாவின் மகளை முதல் தடவை கொழும்புக்குக் கொண்டு போனார்களே, அப்போதிருந்து அந்த மனுசி ஒரு நெத்தலிகூட வாங்கவில்லை. கந்தப்பளையிலிருந்து எவனோ பாதி விலைக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கிறான், ஆள் யாரென்று மட்டும் தெரியட்டும் என்று பைஸர் பல்லைக் கடித்தார்.

சுதர்ஷினி மெல்ல நிமிர்ந்தாள். "கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏத்திட்டாங்களா?"

அதற்கு இன்னும் மாதக்கணக்கு இருக்கிறது என்று தட்டு வைத்திருந்த பெண் ஒருத்தி சொன்னாள்.

"வந்ததத் தேடிக்கிட்டிருந்தோம்," என்றாள் சுதர்ஷினி ஷிஹாமிடம். "நின்னு போனது கெடச்சிருக்கு."

ஷிஹாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீன் வாங்காததற்கும் பூஞ்சணத்துக்கும் என்ன உறவு? அந்த அக்காவுக்கு கொலஸ்ட்ரோல் வந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வீரய்யாவிடம் போய், பக்கத்து வீட்டு அம்மா எப்படி என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி வீரய்யா கொட்டினார். மூன்று வருடமாக அவருக்கும் நாகலெட்சுமிக்கும் பேச்சு இல்லை. அவள் கோழி இவருடைய லீக்ஸ் பாத்தியைக் கிளறியது. இவர் கோழியைக் கட்கத்தில் இடுக்கிக்கொண்டு போய், சாட்சியாகத் தோட்டத்து ஆபீஸில் துரையின் மேசைமேல் விட்டார். கோழி அங்கே செய்த காரியத்தால் இரண்டு பேருக்கும் ஏச்சு விழுந்தது. அதோடு முறிந்தது. புருசனை இழந்து தனியாக இருக்கிறவள் என்று இவரும் போனால் போகட்டும் என்றுதான் இருந்தார். ஆனால் இப்போது அவள் போக்கு சரியில்லை.

சரியில்லை என்றால்?

வீரய்யா குரலைத் தாழ்த்தினார். பின் காம்பிரா ஜன்னலை உள்ளேயிருந்து சாக்கை வைத்து அடைத்திருக்கிறாள். மாட்டுப்பட்டியிலிருந்து சாணி கொண்டு வருகிறாள், பாத்தி கீத்தி எதுவும் போடாதவளுக்கு எதற்குச் சாணி? அந்தியானால் விளக்கில்லாமல் தண்ணீர்ச் செம்போடு அந்த இருட்டுக்குள் போகிறாள். உள்ளே முணுமுணுவென்று ஏதோ ஓதுகிற சத்தம்.

"சூனியம் மேடம். எம்புள்ளைக்குத்தான் வச்சிருக்கா."

ஷிஹாம் தலையை ஆட்டினான். "சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜன்னல அடைச்சு, இருட்டுல, தண்ணியோட. கசிப்புச் சாராயம் காய்ச்சுது அந்த மனுசி. காசு கூடிப்போய் மீன வுட்டுட்டு எறச்சிக்கு மாறிருச்சு."

அப்போதுதான் சுதர்ஷினி அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தாள். மீன்காரருக்கு அந்த வீட்டுக்குள் இன்னொரு மீன்காரன் தெரிகிறான், சண்டைக்காரருக்குச் சூனியம் தெரிகிறது, உனக்குக் கசிப்புத் தெரிகிறது, உன்னைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கு என்றாள். பிறகு சுலக்ஷனாவின் கட்டில் கிடந்த பின் காம்பிராவுக்குப் போய் நடுவில் நின்று, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். கூடவே ஷிஹாமும் பார்த்தான்.

அங்கே ஒளிவு மறைவாக ஒன்றுமில்லை. லயமென்றால் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கூரைதானே. நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேலே போய், தகரத்தைத் தொடாமல் நின்றுவிடுகிறது. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் பத்து வீட்டுக்குச் சோறு இறங்கும். வீரய்யா அந்த இடைவெளிக்குக் கீழேயே பிறந்து வளர்ந்தவர், அது அவர் கண்ணுக்கு ஓட்டையாகவே தெரிந்ததில்லை. தோட்டத்திலேயே வளர்ந்த பரிசோதகருக்கும் அப்படித்தான்.

"நீங்க இந்தக் காம்பிராவுலயே இருங்க," என்றாள் சுதர்ஷினி, அதற்குள் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்ட வீரய்யாவிடம். "என்ன கேட்டாலும் சத்தம் போடாதீங்க. அந்த அலவாங்க கீழ வைங்க முதல்ல."

அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நாகலெட்சுமி வந்தபோது இஸ்தோப்புத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு வெறுங்கால், நனைந்த சேலை, சாவி இடுப்பில். மூக்கும் முழியுமாக நல்ல உயரமான மனுசி. யாரென்று கேட்டுவிட்டு, கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். பின் காம்பிராவைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் முகம் கல்லாகிவிட்டது. அங்கே யாரும் போகக்கூடாது, துரையே வந்தாலும் திறக்கமாட்டேன் என்றாள்.

சுதர்ஷினி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"மொளப்பாரி எப்படி வந்திருக்குக்கா? நல்லா ஒசந்திருக்கா?"

நாகலெட்சுமியின் கை சாவியிலேயே நின்றுவிட்டது. யார் சொன்னது என்று கேட்டாள்.

ஷிஹாம் முளைப்பாரியைப் பார்த்திருக்கிறான். மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் தலையில் பச்சைக் குடம் குடமாகத் தூக்கிப் போவார்கள், இவன் ஆட்டோவை ஓரங்கட்டி வழிவிட்டிருக்கிறான். ஆனால் அந்தப் பச்சை எங்கேயிருந்து வருகிறது என்று இவனுக்கு யார் சொன்னார்கள்? மண்ணும் சாணித் தூளும் புல்லும் போட்டு, நவதானியம் தூவி, வெயில் படாத இருட்டறையில் வைத்து, விரதமிருந்து, அந்தியில் தண்ணீர் தெளித்து, கும்மி படித்து வளர்க்க வேண்டும். வெளியாள் கண் படக்கூடாது. வேண்டுதலையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொல்லக்கூடாது என்பதால்தான் அது எந்த விசாரணையிலும் வரவில்லை.

"யாரும் சொல்லல," என்றாள் சுதர்ஷினி. "மீன் வாங்காத வீடு, சாணி, இருட்டு, பாட்டு. ஆளுக்கொரு துண்டு வச்சிருந்தாங்க. நான் சேத்துப் பாத்தேன். யாருக்காக வேண்டியிருக்கீங்கன்னு மட்டும் தெரியல."

டொக்டர் சொன்னதை சுதர்ஷினி முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை நாகலெட்சுமி நின்று கேட்டாள். குவியலாக எங்கேயோ இருக்கிறது என்ற இடம் வந்ததும் அவளாகவே திரும்பிக் கதவைத் திறந்தாள்.

சுதர்ஷினி பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள். ஒரு சட்டியை எதிர்பார்த்துப் போன ஷிஹாம் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். வரிசை வரிசையாகச் சட்டிகள். முன்னால் இருந்தவற்றில் வெளிர் மஞ்சளாக, மெழுகுத்திரி மாதிரி முளைகள் நிமிர்ந்து நின்றன. பின்னால் இருந்தவை பழசு. அழுகிப் படுத்த முளைகள்மேல், மானாப்புல்லின்மேல், சாணித் தூளின்மேல், பச்சையும் சாம்பலுமாக வெல்வெட்டு விரித்த மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

ஒவ்வொரு பௌர்ணமிப் பறுவத்துக்கும் ஒரு சட்டி என்று வேண்டியிருக்கிறாள். காரியம் கைகூடிய நாளில் எல்லாவற்றையும் சேர்த்து ஆற்றில் கரைப்பது நேர்த்தி. அதற்கு முன் எதையும் எறியக்கூடாது. காய்ச்சல் கூடிவிட்டது என்று கேள்விப்பட்ட மாதத்திலிருந்து ஒன்றுக்கு இரண்டாகப் போட்டாளாம்.

ஷிஹாம் ஒரு பழைய சட்டியில் புல்லின் நுனியைத்தான் தொட்டான். புகை மாதிரி ஒரு தூசி எழும்பியது. தகரத்தில் ஆணி ஓட்டை வழியாக விழுந்த வெயில் கம்பியில் அது தெளிவாகத் தெரிந்தது. அவசரமே இல்லாமல் மேலே ஏறி, சுவரின் தலையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது.

அந்தப் பக்கத்திலிருந்து வீரய்யா தும்மினார்.

ஒரு தும்மல் இல்லை, நாலைந்து. ஷிஹாமுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டான். அவள் அந்தத் தும்மலைக் கேட்டு, சுவரைப் பார்த்து, சட்டிகளைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தப் புள்ளைக்குத்தான் ஆத்தாகிட்ட கேட்டேன்," என்றாள். "சுலக்ஷனாவுக்குத்தான். நானா அதுக்கு நெஞ்சுல மண்ணப் போட்டேன்?"

கோழிச் சண்டைக்குப் பிறகும் அந்தப் பெண் இவளிடம் பேசுவதை நிறுத்தவில்லையாம். அப்பா தூங்கியதும் கட்டிலில் ஏறி நின்று, சுவருக்கு மேலே வாயை வைத்துக் கதை சொல்லுமாம். பாலர் பாடசாலையில் எந்தப் பிள்ளை எதைக் கொட்டியது, எவன் எவளைக் கடித்தான் என்று. இவள் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு சிரிப்பாளாம். புள்ளை குட்டி இல்லாதவளுக்கு ராத்திரிக்கு ராத்திரி அந்தக் குரல்தான்.

வீரய்யா வாசலில் வந்து நின்றிருந்தார். சுவர் உயரம் குறைவென்றால் எல்லாமேதான் கேட்கும். கையில் அலவாங்கு இல்லை.

இன்றைக்கே கரைத்துவிடலாம் என்று சுதர்ஷினி மெதுவாகச் சொன்னாள். அங்கேதான் காரியம் சிக்கியது. நாகலெட்சுமி மாட்டவே மாட்டேன் என்றாள். அவளுக்குப் பிடிவாதம் இல்லை, பயம். வேண்டியது முடியாமல் பாதியில் கரைத்தால் ஆத்தா தன்னைத் தண்டித்தால் பரவாயில்லை, பிள்ளையை எடுத்துக்கொண்டால்? வைத்திருந்தாலும் பிள்ளைக்கு ஆபத்து, கரைத்தாலும் பிள்ளைக்கு ஆபத்து. சுதர்ஷினி எத்தனையோ பொய் விபத்துகளை உடைத்தவள். இதற்கு அவளும் ஷிஹாமைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்காக வச்சதோ அந்த ஆளுகிட்டயே கேட்டா என்ன?" என்றான் ஷிஹாம். கிண்டல் இல்லாமல் அவன் பேசியது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

வீரய்யா போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து நீட்டினார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சுலக்ஷனாவின் குரல் மெலிந்து வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கொஞ்சம் இருமினாள், பிறகு சிரித்தாள்.

"மண் வாசம் வரும் பெரியம்மா. நீங்க காளான் போடுறீங்கன்னு நெனச்சேன். சொன்னா நம்ம கதைக்கிறது அப்பாவுக்குத் தெரிஞ்சிரும்னு வாய மூடிக்கிட்டேன்."

நாகலெட்சுமி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் வீட்டுக்கு வரணும் பெரியம்மா. கரைச்சிருங்க. ஆத்தா கோவிச்சா எங்கிட்ட அனுப்புங்க, நான் பேசிக்கிறேன்."

பிறகு நாகலெட்சுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தப் புள்ள பேசும், அதோட பேசி யாரு செயிச்சா என்று எழுந்தாள்.

தூசி எழும்பாதபடி எல்லாச் சட்டிக்கும் தண்ணீர் ஊற்றி, நனைந்த சாக்கால் மூடினார்கள். வழக்கப்படி பெண்கள்தான் சுமக்க வேண்டும்; சட்டிகளோ நிறைய. வீரய்யா தலைத்துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, யாரையும் பார்க்காமல், ஒரு சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஷிஹாமும் இரண்டைத் தூக்கினான். ஆத்தாவுக்கு ஆள் மாறிப் போகாதா என்று நாகலெட்சுமி தயங்கியபோது, மாஸ்க் போட்டிருக்கேன்ல, அடையாளம் தெரியாது என்றான். லயமே வாசலில் நின்று பார்த்தது. நாகலெட்சுமி மட்டும் மெல்லக் கும்மியை எடுத்தாள், ஆற்றங்கரை வரைக்கும் நிறுத்தவில்லை.

டொக்டரோடு சுதர்ஷினி பேசினாள். இரண்டு காம்பிராவையும் கழுவிக் காயவிடுங்கள், நடுச்சுவரை மேலே வரைக்கும் அடையுங்கள், எப்படியாவது ஞாயிறைத் தாண்டி இரண்டு மூன்று நாள் வைத்துக்கொள்கிறேன், அதற்குள் முடித்தால் பிள்ளையை விடலாம், மஜ்ஜைக்கு மறுபடி நாள் பார்க்கலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டு வீரய்யா குளித்த தலையைத் துவட்டாமலேயே தகரத்தைத் தேடி ஓடினார்.

சனிக்கிழமை பட்டப்பகலில் வேலை நடந்தது. வீரய்யா தன் பக்கம் ஏணியில் நின்று ஆணி அடித்தார், நாகலெட்சுமி தன் பக்கம் மேசைமேல் நின்று தகரத்தின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஷிஹாம் கீழே நின்று இரண்டு பக்கத்துக்கும் யோசனை சொன்னான், யாரும் கேட்கவில்லை. கடைசித் துண்டு ஏறும்போது சுவருக்கு அப்பாலிருந்து நாகலெட்சுமி, யாரிடமும் சொல்லாத மாதிரி, இனிமே அந்தப் புள்ளைக் கொரலு இங்கிட்டு வராது என்றாள்.

வீரய்யாவின் சுத்தியல் நின்றது. தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், வாசல் இருக்குல்ல," என்றார்.

அந்தப் பக்கம் நாகலெட்சுமி தகரத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு வரணுமா?"

"போட்டுக்கிட்டுத்தான் வரணும். டொக்டர் சொல்லியிருக்காரு," என்று சொல்லிவிட்டு, வீரய்யா அடுத்த ஆணியை வாயிலிருந்து எடுத்தார்.